நெட்பால் ஆடிய பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துத் தாக்குதலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

டீச்சர், உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளி. 13, 14 வயதுப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எல்லோரும் குளிர்காலத்தில் நெட்பால் ஆடுகிறவர்கள், அதாவது அணிக்கு ஏழு பேர் பந்தைக் கைமாற்றிக் கூடையில் போடும் ஆட்டம். கூடைப்பந்து ஆடிப் பழகியவர் ஒருவரும் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். எட்டு வாரத்தில் முதல் போட்டி. யாரோ கொடுத்த வரைபடக் கட்டில் இருபது ஆட்டத் திட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறீர்கள். பந்து போகும் இடத்தில் எல்லோரும் வெல்லத்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இந்த எட்டு வாரத்துக்கு அது வேண்டாம். வரைந்துவைத்த திட்டம் ஒன்று நடக்க வேண்டுமென்றால் ஐந்து பேரும் சரியான இடத்தில் நிற்க வேண்டும், பந்து சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும், எதிரணியும் நாம் எதிர்பார்த்தபடியே நிற்க வேண்டும். புதிய அணியில் முதல் பாஸிலேயே இந்த மூன்றில் ஒன்று தவறிவிடும். அதன் பிறகு ஐந்து பிள்ளைகளும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். திட்டத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் திட்டம் உடைந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாது. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: பந்தைக் கொடுத்தவள் உடனே கூடையை நோக்கி ஓட வேண்டும், அவள் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவள் நிரப்ப வேண்டும். கொடு, ஓடு, நிரப்பு. எட்டு வாரமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நெட்பால் ஆடிய பிள்ளைகள் கிடைத்தது அதிர்ஷ்டம். நெட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போக வேண்டும். ஆகவே, கண்ணைத் தூக்கி ஆள் தேடுவதும், ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பதும், பிடித்த கணத்தில் காலை நிறுத்துவதும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. பையன்கள் அணியை எடுத்துப் பாருங்கள்: பந்து கைக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை உடைப்பதற்கே ஒரு பருவம் ஆகும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. கூடைப்பந்து பாஸ் ஆட்டமாகத்தான் பிறந்தது. தட்டிச் செல்வது பிறகு வந்தது. நெட்பால் அதிலிருந்து கிளைத்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கூடைப்பந்து பாதி தெரியும்.

மீதிப் பாதியில்தான் நெட்பால் பழக்கம் குறுக்கே நிற்கும். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்கள் நேரம் மிச்சம்.

நெட்பாலில் ஏழு பேருக்கும் எல்லை உண்டு. கோல் கீப்பர் தன் மூன்றில் ஒரு பங்கு ஆடுகளத்தை விட்டு வெளியே வர முடியாது. கூடையில் போட கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டுமே, அதுவும் 4.9 மீட்டர் அரைவட்டத்துக்குள்ளிருந்துதான். பல வருடம் கோல் கீப்பராக நின்ற பிள்ளை வாழ்க்கையில் ஒரு முறைகூடப் போட்டியில் கூடையைப் பார்த்துப் பந்து எறிந்திருக்க மாட்டாள். அவளைக் கூடைப்பந்துக்குள் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பாஸ் கொடுப்பாள், கூடையை நோக்கி நான்கு அடி ஓடுவாள், கோடு எதுவும் இல்லாத இடத்தில் சட்டென்று நிற்பாள். கால் அவளை அறியாமல் நிற்கும். கை இன்னும் முன்னால் நீண்டிருக்கும், கொடுத்த பந்து சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு. அந்த ஒன்றரை விநாடியில் அவளைத் தடுப்பவள் முன்னால் வந்துவிடுவாள். இதைத் திட்டித் திருத்த முடியாது. முதல் வாரத்தில் பாஸ் கொடுத்த எவரும் போய்க் கூடைக்குப் பின்னால் இருக்கும் பின்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று வைத்துவிடுங்கள். பந்து திரும்பி வருகிறதோ இல்லையோ, தொட வேண்டும். சில நாள் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பிறகு கால் பழகிவிடும்.

இரண்டாவது, தூரம். நெட்பாலில் தடுப்பவள் பந்து வைத்திருப்பவளின் காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்கலாம். கூடைப்பந்தில் அந்த இடைவெளி கிடையாது. மூச்சு முகத்தில் படும் தூரத்தில் வந்து நிற்பார்கள். நெட்பால் பிள்ளை பந்தைப் பிடித்ததும் பழக்கத்தில் தலைக்கு மேல் தூக்குவாள். எதிராளி நெருங்கியதும் பின்னால் சாய்வாள், கண் மேலே போகும், கை வலுவிழக்கும், பந்து பறிபோகும். பிடித்ததும் பந்தை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே ஓரமாக இறக்கி, முழங்காலை மடக்கி, ஊன்றிய காலின் மேல் திரும்பி எதிராளியின் தோளை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரிருவராக நிறுத்தி, ஒருத்தி பந்தைப் பறிக்க முயல, மற்றவள் ஐந்து விநாடி ஊன்றிய காலை எடுக்காமல் காப்பாற்ற வேண்டும். நெருங்கித் தடுக்கப்படும்போது அந்த ஐந்து விநாடிக்குள் பந்தை விட வேண்டும் என்பது உண்மையிலேயே விதி, ஆகவே கணக்கும் பழகிவிடும். தினமும் மூன்று நிமிடம் போதும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

மூன்றாவது, பலகை. கூடைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு, பந்தை அதில் பட்டு உள்ளே விழவைக்கலாம். நெட்பால் கம்பத்தில் அது கிடையாது. கோல் ஷூட்டராக ஆடிய பிள்ளை கூடைக்குப் பக்கத்தில் வந்தாலும் வளையத்தின் மேல் மெதுவாக மிதக்கவிடத்தான் பார்ப்பாள். அழகாக இருக்கும், ஓடிக்கொண்டு வரும்போது உள்ளே போகாது. இரண்டு ஆட்டத்திலும் வளையத்தின் உயரம் ஒன்றுதான், 3.05 மீட்டர். கூடைப்பந்து வளையம் அதைவிட அகலம்: இது 45 சென்டிமீட்டர், அது 38. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், முகம் மலரும்.

இப்போது தாக்குதலுக்கு வருகிறேன். கூடைக்கு எதிரே மூன்று புள்ளி வளைவுக்கு, அதாவது வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டுக்கு, சற்று வெளியே ஐந்து இடம். நடுவில் ஒன்று, அதைத் தலை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பக்கமும் தோள். பின்கோட்டை ஒட்டி இரண்டு மூலை. ஒருவருக்கொருவர் நான்கு அல்லது ஐந்து மீட்டர் இடைவெளி. சர்வதேச ஆடுகளம் 15 மீட்டர் அகலம், ஆகவே ஐந்து பேர் பரவி நிற்க இடம் தாராளம். ஐந்து இடத்திலும் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். உங்கள் தார்த் தரையில் நெட்பால் கோடும் கூடைப்பந்துக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று போட்டிருப்பார்கள், எந்தக் கோடு எதற்கு என்று பெரியவர்களுக்கே குழப்பம். வட்டம் போட்டால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

கூடைக்கடியில் யாரும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே இடம் காலியாக இருப்பதுதான் இந்தத் தாக்குதலின் உயிர். உயரமான பிள்ளையைக் கூடைக்கடியில் நிறுத்திவிட்டால் எளிது என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். நிறுத்தினால், அவளைத் தடுப்பவளும் அங்கேயே நிற்பாள், ஓடி வருகிற மற்ற நால்வருக்கும் கதவு மூடிவிடும். அதோடு, கூடைக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நின்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நெட்பாலில் வட்டத்துக்குள்ளேயே குடியிருந்த பிள்ளைக்கு இது முதலில் அநியாயமாகப் படும். 13 வயதில் உயரமாக இருப்பவள் 17 வயதிலும் அணியில் உயரமானவளாக இருப்பாள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவளும் பாஸ் கொடுத்து ஓடக் கற்கட்டும்.

ஓட்டம் இப்படி. தலையில் இருப்பவள் வலது தோளுக்குப் பந்தைக் கொடுக்கிறாள். கொடுத்ததும் இடது பக்கமாக ஒரு அடி, ஒரே அடி, வைத்து, தன்னைத் தடுப்பவள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் அவளுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து கூடைக்கு ஓடுகிறாள். ஓடும்போது பந்து இருக்கும் பக்கத்துக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். கை காட்டாதவளுக்கு யாரும் பந்து தர மாட்டார்கள். பந்து வந்தால் கூடையில் போடலாம். வரவில்லையென்றால் நிற்காமல் இடது மூலைக்கு வெளியேறுகிறாள். அதற்குள் இடது தோளில் இருந்தவள் தலைக்கு வந்திருப்பாள், இடது மூலையில் இருந்தவள் தோளுக்கு ஏறியிருப்பாள். மூலை காலி, ஓடியவள் அங்கே போய்ச் சேர்கிறாள். ஐந்து இடமும் மறுபடி நிரம்பிவிட்டன. வலது தோளில் பந்து வைத்திருப்பவள் இப்போது தலைக்கு வந்தவளிடம் கொடுத்துவிட்டுத் தானும் கூடைக்கு ஓடலாம். அப்போது வலது மூலையில் இருப்பவள் தோளுக்கு ஏறுவாள், ஓடியவள் காலியான வலது மூலைக்குப் போவாள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் பாஸ் போனாலும் இதுதான் விதி: கொடுத்தவள் கூடைக்கு, பக்கத்தில் இருப்பவள் காலியான இடத்துக்கு, ஓடியவள் காலி மூலைக்கு. இடது வலது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். காலி எங்கே என்று பார்த்தால் போதும்.

இதை ஐந்து பேரோடு ஆரம்பிக்காதீர்கள். மூன்று பேரோடு, எதிரணி இல்லாமல் ஆரம்பியுங்கள்: தலையும் இரண்டு தோளும். நடந்து காட்டுங்கள், பிறகு மெல்ல ஓட்டம், பிறகு முழு வேகம். பன்னிரண்டு பேர் என்றால் மும்மூன்றாக நான்கு குழு. ஒரு குழு ஆடும்போது அடுத்த குழு பின்னால் தயாராக நிற்கும், காத்திருப்பது மிகக் குறைவு. இரண்டாவது கூடை கிடைத்தால் இரண்டு குழு ஒரே நேரத்தில் ஆடலாம். பலகை இல்லாத நெட்பால் கம்பத்தையும் ஓட்டப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள், கூடையில் போடுவதற்கு வேண்டாம்.

எதிரணி இல்லாத பயிற்சியில் நீண்ட நாள் தங்கிவிடுவது பல ஆசிரியர்களின் வழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும், பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று மெச்சிக்கொள்வார்கள். ஆனால் தடுப்பவள் இல்லாத பயிற்சியில் பிள்ளை ஒரு தீர்மானமும் எடுப்பதில்லை. இரண்டாவது வாரத்திலேயே மூன்றுக்கு மூன்று, தட்டாமல், அரை ஆடுகளத்தில் ஆடவிடுங்கள். அங்கே உங்கள் பிள்ளைகள் பிரகாசிப்பார்கள். தட்டாத ஆட்டம் அவர்களுக்குத் தாய்வீடு. கணக்கை மாற்றி வையுங்கள்: கூடையில் போட்டால் இரண்டு, பாஸ் கொடுத்து ஓடி வந்தவள் கட்டத்துக்குள் பந்தைப் பிடித்தாலே ஒன்று. இதைச் சொன்ன மாத்திரத்தில், வாய் வலிக்க நீங்கள் சொல்லியும் ஓடாத பிள்ளை ஓட ஆரம்பிப்பாள். பந்து வைத்திருப்பவளும் ஓடி வருகிறவளைத் தேட ஆரம்பிப்பாள். விதியைப் புள்ளியில் ஒளித்துவைத்தால் அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. மூன்றுக்கு மூன்று ஆட்டம் தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இதைச் சின்னப் பிள்ளைகளின் பயிற்சி என்று எவரும் மட்டமாகப் பேசினால் அதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பிரச்சினை தலைகாட்டும்: தடுப்பவர்கள் புத்திசாலிகள் ஆகி, பாஸ் வரும் வழியில் கையை நீட்டி நிற்பார்கள். தலையில் இருப்பவள் கொடுக்க ஆள் இல்லாமல் தவிப்பாள். தோளில் இருப்பவள் பந்து வேண்டி இன்னும் இன்னும் வெளியே வருவாள், நடுக்கோடு வரைக்கும். இதற்கு ஒரு அடையாளம் சொல்லிக்கொடுங்கள். மூன்று புள்ளி வளைவைப் பார். உன்னைத் தடுப்பவளின் இரண்டு காலும் வளைவுக்கு வெளியே வந்துவிட்டதா? அப்படியென்றால் அவளுக்குப் பின்னால் கூடை வரைக்கும் 6.75 மீட்டர் வெட்டவெளி. வெளிப்பக்கம் ஒரு அடி வைத்து, கை நீட்டிக் கேட்பதுபோல் காட்டி, திரும்பி அவள் முதுகுக்குப் பின்னால் கூடைக்கு ஓடு. பாஸ் தரையில் ஒரு முறை மோதி வர வேண்டும். நீட்டிய கைக்கு அடியில் போய்விடும். பிள்ளைகளுக்கு இது மந்திரம்போல் இருக்கும். ஒரு முறை நடந்துவிட்டால் அதன் பிறகு எல்லோரும் எப்போதும் பின்னால் ஓடத்தான் பார்ப்பார்கள், தடுப்பவள் வளைவுக்கு உள்ளே தள்ளி நின்றாலும்கூட. அப்போது, அவள் உள்ளே நின்றால் பாஸ் வெளியே கிடைக்கும், வாங்கிக்கொள் என்று ஞாபகப்படுத்துங்கள்.

கூப்பிடும் சொற்களைத் தமிழில் வைத்துக்கொள்வது என் வழக்கம். 'பின்னால்', 'நிரப்பு', 'மூலை'. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட ஆடுகளத்தில் 'நிரப்பு நிரப்பு' என்று கத்துவாள். உங்கள் அணியில் ஜூலு பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டு மற்றவர்களைவிடச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். எதிரணிக்குப் புரியாது என்பது கூடுதல் லாபம். டர்பனிலேயே இருக்கும் பீனிக்ஸ் அல்லது மியர்பேங்க் பள்ளியோடு ஆடும்போது அதை நம்ப வேண்டாம், அங்கேயும் வீட்டுக்கு வீடு தமிழ் பேசும் ஒரு பாட்டி இருக்கிறாள்.

கூடையில் போடும் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தத் தாக்குதல் நன்றாக நடந்தால் கடைசியில் கிடைப்பது ஓடி வந்து பக்கத்திலிருந்து போடும் லே-அப்தான். அது உள்ளே போகவில்லையென்றால் மற்ற எல்லாம் வீண், பிள்ளைகளுக்கும் ஓடுவதில் நம்பிக்கை போய்விடும். ஆகவே ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள். தூரத்திலிருந்து எறிந்து பழகுவது இப்போது வேண்டாம்.

லே-அப்பைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கற்பிப்பது நல்லது. வலது பக்கம், கூடைக்கு ஒரு அடி தூரத்தில் நிற்க வைத்து, இடது காலை ஊன்றி, வலது முழங்காலைத் தூக்கி, வலது கையால் பலகையில் இருக்கும் சதுரத்தின் மேல்மூலையில் பந்தை வைக்கச் சொல்லுங்கள். வலது கையையும் வலது முழங்காலையும் ஒரு கயிற்றால் கட்டியிருக்கிறது, கை மேலே போனால் முழங்காலும் மேலே போக வேண்டும் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அது வந்த பிறகு ஒரு அடி பின்னால்: வலது, இடது, மேலே. அதன் பிறகு ஓடிக்கொண்டே பாஸ் வாங்கி. தட்டிக்கொண்டு வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலான புத்தகங்கள் தட்டிக்கொண்டு வருவதிலிருந்து ஆரம்பிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஓடி வந்து பிடிப்பது இயல்பாக வருவதால் தலைகீழாகப் போவதுதான் குறுக்குவழி. இடது பக்கமும் பழக்குங்கள், இடது கையால் போட வராதவள் அந்தப் பக்கத்தில் வலது கையாலேயே போடட்டும், இந்த ஆண்டுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இதை வாசிக்கும் வேறு பயிற்சியாளர்கள் என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும்.

தட்டுவதைப் பற்றி. பிடித்து நின்ற இடத்திலிருந்து தட்ட ஆரம்பிக்கும்போது ஊன்றிய கால் தரையை விட்டு எழுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். நெட்பாலில் ஊன்றிய காலைத் தூக்கலாம், அது மறுபடி தரையில் படுமுன் பந்தை விட்டால் சரி. அந்தப் பழக்கத்தில் உங்கள் பிள்ளைகள் காலை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் தட்டுவார்கள், நடுவர் ஊதிக்கொண்டே இருப்பார். முதலில் பந்து தரைக்கு, பிறகு கால். இதை வேகமில்லாமல், நின்ற இடத்தில், நூறு முறை செய்ய வேண்டும். முதல் நான்கு வாரம் தட்டுவதை இதோடு நிறுத்துங்கள். ஐந்தாம் வாரத்தில் இரண்டே காரணத்துக்காக அனுமதி கொடுங்கள்: கூடைக்கு நேர் வழி திறந்திருந்தால் நேராகப் போகலாம், பாஸ் கொடுக்க ஆளே இல்லையென்றால் பக்கத்து இடத்தில் இருப்பவளை நோக்கித் தட்டிக்கொண்டு போகலாம், அப்படி வந்தால் அங்கே இருப்பவள் கூடைக்கு ஓடி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டு யோசிப்பதற்கு அனுமதி இல்லை.

எதிராளியை மறித்து நின்று தோழிக்கு வழி விடும் ஸ்கிரீன் வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு வேண்டாம். ஸ்கிரீன் போட இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வர வேண்டும். அவர்களோடு இரண்டு தடுப்பாளரும் வருவார்கள். பரவி நிற்பதையே இன்னும் கற்காத அணிக்கு அது நான்கு பேர் கூட்டம். ஓடுகிற பழக்கம் ஊறிய பிறகு ஸ்கிரீனைச் சேர்ப்பது ஒரு வார வேலை.

எதிரணி ஆளுக்கு ஆள் தடுக்காமல் இடத்தைக் காத்து நிற்கும் தற்காப்பு, அதாவது முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று நின்றால் என்ன செய்வது? சிறு பிள்ளைகளுக்கு இந்த வகைத் தற்காப்பையே அனுமதிக்காத போட்டிகளும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அனுமதி இருந்தால் ஒரே ஒரு மாற்றம் போதும்: பாஸ் கொடுத்து ஓடுகிறவள் கூடை வரைக்கும் போகாமல், கட்டத்தின் மேல்விளிம்பில் இருக்கும் தனி எறிகோட்டின் நடுவில் ஒரு விநாடி நிற்க வேண்டும். முன்னிருவருக்கும் பின்மூவருக்கும் நடுவில் ஓட்டை அங்கேதான். பந்து அங்கே அவள் கைக்கு வந்துவிட்டால் மூலையில் ஒருத்தி தனியாக நிற்பாள். வராவிட்டால் வழக்கம்போல் காலி மூலைக்குப் போகட்டும்.

பந்து எறியப்பட்ட பிறகு யார் திரும்பி ஓடுவது என்பதையும் முதல் போட்டிக்கு முன் முடிவு செய்துவிடுங்கள். ஐந்து பேரும் கூடைக்கடியில் கூடிவிட்டால் எதிரணிக்கு இலவச லே-அப். தலையில் யார் இருக்கிறாளோ அவள் உடனே திரும்பி ஓடுவாள், எறிந்தவள் பாதி தூரம் பின்வாங்குவாள், மற்ற மூவர் திரும்பி வரும் பந்துக்கு. இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

உங்கள் ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், ஓடிப் பிடித்துப் பாஸ் கொடுக்கும் சூடேற்றல் பத்து நிமிடம், லே-அப் பதினைந்து, காலை ஊன்றிப் பந்தைக் காக்கும் பயிற்சியும் தட்டுவதும் பத்து, மீதி எல்லாம் ஆட்டம். நான்காம் வாரம் வரை மூன்றுக்கு மூன்று, பிறகு நான்குக்கு நான்கு, ஆறாம் வாரத்தில் ஐந்துக்கு ஐந்து. மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒரேயடியாகத் தாவாதீர்கள். மூலையில் நிற்பவள் எப்போது ஏற வேண்டும் என்பது நான்கு பேர் ஆட்டத்தில்தான் தெளிவாகும். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் தார்த் தரை மாலை மூன்று மணிக்கும் கொதிக்கும். நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அணியில் கட்டாயம் இருப்பார்கள். அந்த வாரத்தில் ஓட்டத்தைக் குறைத்து நடந்து காட்டும் பயிற்சியாக வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவதில் சிக்கனம் வேண்டும். பிள்ளைகள் மொய்க்கும்போது விசில் அடித்து, எல்லோரும் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எதுவும் சொல்லாமல், சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே வட்டத்தில் நிற்பதைப் பார்த்து அவர்களே சிரித்துவிட்டுப் பிரிவார்கள். ஒரு மாலையில் மூன்று தடவைக்கு மேல் இப்படி நிறுத்தினால் எரிச்சல் வரும்.

முதல் போட்டியில் என்ன எதிர்பார்க்கலாம்? புள்ளிகள் குறைவாகத்தான் இருக்கும். முதல் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்து மறுபடி மொய்ப்பார்கள். மாற்று வீராங்கனை ஒருத்தியிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, நம் அணி கொடுத்த பாஸ்களில் எத்தனை முறை கொடுத்தவள் உடனே ஓடினாள் என்று கோடு போடச் சொல்லுங்கள். இடைவேளையில் புள்ளிப்பலகையைப் பற்றிப் பேசாமல் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஓடாமல் நின்றவள் பெயரைச் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். கோடு போட்ட பிள்ளை ஆடுகளத்துக்குள் போகும்போது மற்ற எல்லோரையும்விட நன்றாக ஓடுவாள் என்பதையும் பார்ப்பீர்கள். ஆகவே அந்த வேலையைச் சுழற்சியில் கொடுங்கள். பன்னிரண்டு பேரையும் ஆடவிடுங்கள். இந்தத் தாக்குதலில் ஐந்து இடமும் ஒன்றுதான் என்பதால் யாரை எடுத்து யாரை விட்டாலும் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முன்மாதிரி கேட்டீர்கள். ஸ்டீவ் நாஷின் பழைய ஆட்டங்களைக் காட்டுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் 1974-இல் பிறந்தவர்; குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யில் 2005, 2006 என்று இரண்டு முறை மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார், பீனிக்ஸ் சன்ஸ் அணிக்காக. அமெரிக்கப் பீனிக்ஸ், நம் பீனிக்ஸ் இல்லை என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். அந்த ஆட்டத்தில் அவர் உயரமானவர் அல்ல. எதிராளிகளுக்கு மேலே எழும்பிப் போட்டவரும் அல்ல. பாஸைப் பாருங்கள் என்று சொல்லாதீர்கள், அதை அவர்களே பார்ப்பார்கள். பாஸ் கொடுத்த மறுகணம் அவர் கால் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பந்து. பள்ளி அறையில் இருப்பவை எண் 7 ஆக இருக்க வாய்ப்பு அதிகம், அவை ஆண்களுக்கு. உங்கள் பிள்ளைகளுக்கு எண் 6 வேண்டும். 510 முதல் 550 கிராம் எடை. நெட்பால் பந்து 400 முதல் 450 கிராம்தான் என்பதால் முதல் வாரத்தில் இதுவே கனமாகத் தெரியும், மார்புப் பாஸ் தோழியின் காலடியில் போய் விழும். அதற்காக எண் 5-க்கு இறங்க வேண்டாம்; அது இன்னும் சிறிய பிள்ளைகளுக்கானது. தூரத்தைக் குறைத்து மூன்று மீட்டரில் ஆரம்பித்து நான்குக்குப் போங்கள். பன்னிரண்டு பேருக்கு ஆறு பந்தாவது இருக்க வேண்டும். பணம் போதவில்லையென்றால் நான்கு வாங்கிக்கொண்டு, ஊன்றிய கால் பயிற்சிக்கு மட்டும் பழைய நெட்பால் பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்.